நெட் போனா லோக்கல் சர்வர் ஏனுங்க நிக்குது? ஒரு ரிவர்ஸ் டிஎன்எஸ் வேலை

திருப்பூர்ல அனுப்பர்பாளையத்துக்கு கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு பனியன் கம்பெனி. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள ஒட்டுக்கா இருக்குது. ஒவ்வொரு பண்டலுக்கும் ஒரு பார்கோடு சீட்டு, டைலர் பண்டல முடிச்சு குடுத்ததும் லைன் சூப்பர்வைசர் அத ஸ்கேன் பண்ணுவாங்க, சனிக்கிழமை சம்பளம் அந்த என்ட்ரிய வச்சுதான், பீஸ் ரேட். என்ட்ரி விழாம போனா ஒரு மனுசனோட வாரக்கூலி குறையுது, அதனால இந்த வேலைய நான் சாதாரண ஸ்லோ கம்ப்ளெயின்ட்டா எடுத்துக்கல.

பிரச்சனை இதுதான். சர்வர் அங்கயே ஆபீஸ் ரூம்ல இருக்குது, சென்ட்ஓஎஸ் 6ங்கற லினக்ஸ், அதுமேல மைஎஸ்க்யூஎல் 5.1ங்கற டேட்டாபேஸ், நெம்ப பழசுதான், ஆனா சாஃப்ட்வேர் பண்ணி குடுத்தவங்க புதுசுக்கு மாத்தி தரல, அதனால அப்படியே ஓடுது. இதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். ஆனா இன்டர்நெட் கட் ஆச்சுன்னா ஸ்கேன் பண்ற இடத்துல எல்லாம் கம்ப்யூட்டர் அப்படியே நின்னுரும், சித்த நேரம் கழிச்சு "லாஸ்ட் கனெக்ஷன், ரீடிங் இனிஷியல் கம்யூனிகேஷன் பாக்கெட்"னு ஒரு எரர் வரும். முதலாளி கேட்டாரு, "ஏனுங் தம்பி, சர்வர் இந்த ரூம்ல, கம்ப்யூட்டர் அந்த ஹால்ல, நடுவால போறது நம்ம வயரு, வெளிய நெட் கட்டானா இங்க ஏனுங் நிக்கோணும்?" நூத்துக்கு நூறு நியாயமான கேள்வி. நெட் போனா இது ஸ்லோவாதான் இருக்கும்னு முன்னாடி பாத்தவங்க சொல்லிட்டு போயிட்டாங்களாம், அது பதிலே இல்ல.

அங்க வேலை பாக்கற சூப்பர்வைசர் அக்கா ஒரு விசயம் சொன்னாங்க, அதுதான் எனக்கு கிடைச்ச நல்ல துப்பு. "நெட் போற எல்லா நாளும் இப்புடி ஆவறதில்லீங்க, சில நாள் நெட் இல்லாட்டியும் என்ட்ரி ஜம்முனு விழுதுங்க"ன்னாங்க. எப்ப விழுது எப்ப விழலன்னு கேட்டா, கரண்ட் போயி ஆபீஸ்ல இருக்கற ஃபைபர் பெட்டியே ஆஃப் ஆன நாள்ல ஒன்னும் ஆகல, ரோட்ல பைப் போட தோண்டி கேபிள் அறுந்த நாள்லதான் நிக்குது. ரெண்டுமே நெட் இல்லாத நாள்தான், அப்புறம் ஏன் வித்தியாசம்? இத மனசுல வச்சுக்கங்க, கீழ வரும்.

கேபிள் அறுந்த ஒரு நாள் பாத்து நேர்ல போனேன். என் லேப்டாப்ல இருந்து சர்வருக்கு பிங் போட்டா ஒரு மில்லிசெகண்டுக்குள்ள பதில், லாஸ் இல்ல. எஸ்எஸ்எச் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ற வழி) போட்டா பாஸ்வேர்ட் கேக்கறதுக்கே 20 செகண்ட் கிட்ட ஆகுது, உள்ள போயிட்டா எல்லாமே வேகம், சிபியு சும்மா இருக்குது, டிஸ்க் சும்மா இருக்குது. ஆரம்பத்துல மட்டும் தாமதம், அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தாமதம், பொறவு வேகம் அப்படின்னா நான் முதல்ல சந்தேகப்படறது ரிவர்ஸ் லுக்கப்பத்தான். ஓவர்லோடு ஆன சர்வர் ஒருக்கா 3 செகண்ட் ஒருக்கா 40 செகண்ட்னு தாறுமாறா இழுக்கும், டைம்அவுட் மட்டும்தான் இப்படி அளவெடுத்த மாதிரி நிக்கும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பேர குடுத்து ஐபி வாங்கறது சாதாரண டிஎன்எஸ், ஐபிய குடுத்து பேர் வாங்கறது ரிவர்ஸ். 192.168.10.21 யாருன்னு கேக்கணும்னா நம்பர திருப்பி போட்டு 21.10.168.192.இன்-அட்ர்.ஆர்ப்பாங்கற பேருக்கு பிடிஆர் ரெக்கார்ட் (ஐபிக்கு பேர் சொல்ற பதிவு) இருக்கான்னு கேக்கும். ஏன் திருப்பணும்னா டொமைன் பேர்ல பெரிய பகுதி வலது பக்கம் இருக்குது, ஐபியில பெரிய பகுதி இடது பக்கம் இருக்குது, ரெண்டையும் ஒத்து போக வைக்கத்தான். 1987ல வந்த ஆர்எஃப்சி 1035ங்கற இன்டர்நெட் விதி ஆவணத்துலயே இது இருக்குது. மைஎஸ்க்யூஎல் இத ஏன் கேக்குதுன்னா, அதுல யூசருக்கு அனுமதி குடுக்கறப்ப எந்த கம்ப்யூட்டர்ல இருந்து வரலாம்னு பேர் போட்டும் குடுக்கலாம், அதனால புதுசா ஒரு கனெக்ஷன் வந்தா இந்த ஐபிக்கு பேர் என்னன்னு பாக்கும். எஸ்எஸ்எச்சும் அதே மாதிரி, யூஸ்டிஎன்எஸ்னு ஒரு செட்டிங், ஓபன்எஸ்எஸ்எச் 6.8ல, அதாவது 2015லதான் அத டீஃபால்ட்டா நோன்னு மாத்தினாங்க, இந்த சர்வர்ல ஓடறது அதுக்கு முந்தினது.

சந்தேகம் போதாது, கண்ணால பாக்கணும். சர்வர்ல டிசிபிடம்ப் (வயர்ல போற பாக்கெட்ட காட்டற கருவி) போட்டு டிஎன்எஸ் கேள்வி போற போர்ட் 53 மட்டும் பாத்தேன். இதுல மைனஸ் என் போடறது கட்டாயங்க, போடாட்டி டிசிபிடம்ப்பே தான் பாக்கற ஒவ்வொரு ஐபிக்கும் ரிவர்ஸ் லுக்கப் கேக்க ஆரம்பிச்சிரும், எது சர்வரோட கேள்வி எது நம்ம கேள்வின்னே தெரியாது. நெட்ஸ்டாட், ஐபிடேபிள்ஸ், ரவுட் எல்லாத்துக்கும் இதே கதைதான், விண்டோஸ்ல ட்ரேசர்ட்டுக்கு மைனஸ் டி. போட்டுட்டு ஹால்ல ஒரு பண்டல ஸ்கேன் பண்ண சொன்னேன். உடனே தெரிஞ்சுது: சர்வர்ல இருந்து லைன் குடுத்த நிறுவனத்தோட டிஎன்எஸ்க்கு ஒரு பிடிஆர் கேள்வி, பதில் இல்ல, 5 செகண்ட் கழிச்சு அதே கேள்வி கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8க்கு, பதில் இல்ல, மறுபடி முதல் ஆளுக்கு, மறுபடி ரெண்டாவது ஆளுக்கு. எந்த டிஎன்எஸ்ஸ கேக்கணும்னு எழுதி வைக்கற ரிசால்வ்.கான்ஃப் ஃபைல்ல டைம்அவுட் ஒன்னும் குறிப்பிடாட்டி 5 செகண்ட், அட்டெம்ப்ட் 2, நேம்சர்வர் ரெண்டு, மொத்தம் 20 செகண்ட். கணக்கு கரெக்டா வந்துருச்சு.

அப்ப நெட் நல்லா இருக்கறப்ப மட்டும் ஏன் வேகம்? நெட் இருக்கறப்பவும் இதே கேள்வி வெளியதான் போகுது, ஆனா வெளிய இருந்து "அப்படி ஒரு பேரே இல்ல"ன்னு என்எக்ஸ்டொமைன் பதில் உடனே வந்துருது. மைஎஸ்க்யூஎல் அத எடுத்துக்கிட்டு சரி பேர் இல்லன்னு வேலைய பாக்குது. பதிலே வராம போனா டைம்அவுட் முடியற வரைக்கும் காத்திருக்கும், அடுத்த கனெக்ஷனுக்கு திரும்ப முதல்ல இருந்து கேக்கும். இந்த சாஃப்ட்வேர் வேற ஒவ்வொரு என்ட்ரிக்கும் புது கனெக்ஷன் போடுது, ஒவ்வொன்னுக்கும் 20 செகண்ட், அதுக்குள்ள அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பொறுமை இழந்து எரர் போட்டுருது. இல்லைங்கற பதில் இங்க ஒரு கெடுதலும் பண்ணல, பதிலே வராததுதான் எல்லாத்தையும் நிறுத்துது. ரிவர்ஸ் டிஎன்எஸ் பிரச்சனை எது வந்தாலும் பேர் இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடி, யாரை கேக்குது, அவங்க வாய தொறக்கறாங்களான்னு பாருங்க.

சூப்பர்வைசர் அக்கா சொன்னதும் இதோட விளங்கிருச்சு. ஃபைபர் பெட்டி ஆஃப் ஆனா ரவுட்டரோட வெளிப்பக்க போர்ட் டவுன் ஆகுது, வழியே இல்லன்னு ரவுட்டருக்கு தெரியுது, கேள்வி வந்ததும் போக முடியாதுன்னு ஐசிஎம்பி மெசேஜ் (நெட்வொர்க் பிழைய சொல்ற அறிவிப்பு) திருப்பி அனுப்பிருது, சர்வர் காத்திருக்காம அடுத்த வேலைக்கு போயிருது. ரோட்ல கேபிள் அறுந்தா பெட்டிக்கு கரண்ட் இருக்குது, போர்ட் லைட் எரியுது, ரவுட்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சு பாக்கெட்ட அனுப்பிக்கிட்டே இருக்குது, அது போன இடம் தெரியாது.

192.168ல ஆரம்பிக்கற கேள்விக்கு உலகத்துல யாரு பதில் சொல்லுவாங்க? 1996ல வந்த ஆர்எஃப்சி 1918 படி அது நம்ம உள்ளுக்குள்ள மட்டும் வச்சுக்கற நம்பர், என் வீட்லயும் அதேதான் இருக்கும். இப்படி தெரியாம வெளிய கசியற கேள்விகள வாங்கி இல்லைன்னு பதில் சொல்றதுக்குன்னே ஏஎஸ்112னு ஒரு ஏற்பாடு இருக்குது, பல நாட்டுல பல பேர் தானா முன்வந்து சர்வர் வச்சு நடத்தறாங்க. நம்ம கம்பெனி என்ட்ரி ஓடறது அவங்க புண்ணியத்துலன்னு ஆகக்கூடாது, அந்த பதில உள்ள இருந்தே சொல்றதுதான் முறை.

சரி, தீர்வு. சீக்கிர வழி மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக்ல ஸ்கிப் நேம் ரிசால்வ்னு, அதாவது பேர் தேடாதேன்னு, ஒரு வரி போட்டு ரீஸ்டார்ட் பண்றது. நெறய பேர் இதத்தான் சொல்லுவாங்க, தப்பில்ல, ஆனா போடறதுக்கு முன்னாடி யூசர் டேபிள்ல ஹோஸ்ட் காலம பாக்கோணும். இங்க பாத்தா ரிப்போர்ட் எடுக்கற யூசருக்கு கம்ப்யூட்டர் பேர் போட்டு அனுமதி குடுத்திருக்காங்க, நெட்டு நல்லா இருந்தாலும் இந்த யூசர் லாகின் ஆகறதே சர்வரோட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (ஐபியும் பேரும் கையால எழுதி வைக்கற ஃபைல்) அந்த ஒரு கம்ப்யூட்டர் பேர் மட்டும் இருக்கறதாலதான். ஸ்கிப் போட்டா அந்த யூசர் அன்னிக்கே வெளிய. அதுபோக எஸ்எஸ்எச்க்கு தனியா, மத்த சர்வீஸுக்கு தனியான்னு ஒவ்வொன்னா அடைச்சுக்கிட்டே இருக்கணும். உள்ளுக்குள்ள ஒரு டிஎன்எஸ் வச்சா எல்லாத்துக்கும் ஒரே இடத்துல முடிஞ்சுது, நான் அத்தான் பண்ணேன்.

ஆபீஸ்ல சும்மா கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்ல டெபியன் 12 லினக்ஸ் போட்டு, 192.168.10.2னு ஐபி குடுத்து, டிஎன்எஸ்மாஸ்க்ங்கற சின்ன டிஎன்எஸ் சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணி, ரவுட்டர்ல டிஎச்சிபிய (கம்ப்யூட்டருக்கு தானா ஐபி குடுக்கறது) ஆஃப் பண்ணிட்டு இதுக்கு மாத்திட்டேன். டிஎச்சிபியும் டிஎன்எஸ்சும் ஒரே ஆளா இருந்தா ஐபி குடுத்ததுமே பேரும் பிடிஆரும் தானா வந்துரும், தனியா ரிவர்ஸ் ஸோன் எழுத வேண்டியதில்ல. சர்வர், பிரிண்டர், வருகைப்பதிவு மெஷின் மாதிரி நிரந்தர ஐபி இருக்கறதுக்கு ஹோஸ்ட்-ரெக்கார்ட் வரி போட்டேன், அது ஏ ரெக்கார்டும் (பேருக்கு ஐபி சொல்ற பதிவு) பிடிஆரும் ரெண்டும் சேத்து உண்டாக்கும். அட்ரஸ்னு இன்னொரு வரி இருக்குது, அதுல பேருக்கு ஐபி வரும், ஐபிக்கு பேர் வராது, இது தெரியாம மண்டைய உடைச்சுக்கறவங்க நெறய. கட்டாயம் போட வேண்டியது போகஸ்-பிரிவ். லிஸ்ட்ல இல்லாத லோக்கல் ஐபிய பத்தி ரிவர்ஸ் கேள்வி வந்தா வெளிய அனுப்பாம இதுவே என்எக்ஸ்டொமைன்னு சொல்லிரும். இந்த ஒரு வரிதான் இந்த மொத்த வேலைக்கும் உயிர்.

உள் டொமைனுக்கு .லோக்கல்னு பேர் வைக்காதீங்க, அது 2013லயே ஆர்எஃப்சி 6762ல மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்க்குன்னு (சர்வர் இல்லாம மெஷினுங்களே ஒன்னுக்கொன்னு பேர் கேட்டுக்கறது) எடுத்துக்கிட்டாங்க, சில மெஷின் டிஎன்எஸ் சர்வர கேக்கவே கேக்காது. .இன்டர்னல்னு முடியற மாதிரி வைங்க, 2024ல டொமைன் பேர நிர்வகிக்கற ஐகான் அத உள் உபயோகத்துக்குன்னே ஒதுக்கிட்டாங்க.

அடுத்து சர்வர்ல ரிசால்வ்.கான்ஃப்ல 192.168.10.2 மட்டும் வச்சேன், 8.8.8.8ஐ எடுத்துட்டேன். ரெண்டாவதா வெளி டிஎன்எஸ் ஒன்னு இருக்கட்டும் சேஃப்டிக்குன்னு நெறய பேர் விடுவாங்க, ஆனா அது ஸ்பேர் டயர் மாதிரி வேலை செய்யாது, உள் ஆள் ஒரு நொடி தடுமாறினாலும் கேள்வி வெளிய போயி அங்க இல்லன்னு பதில் வாங்கிட்டு வந்துரும், அந்த பதில யாரும் மறுபடி சரிபாக்கறதில்ல. ஸ்பேர் வேணும்னா உள்ளுக்குள்ளயே இன்னொரு டிஎன்எஸ் வைக்கோணும். இன்னொன்னு, சென்ட்ஓஎஸ் 6ல ரிசால்வ்.கான்ஃப்ப கையால மாத்தினா மட்டும் பத்தாது, நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஃபைல்ல டிஎன்எஸ்1, டிஎன்எஸ்2ன்னு இருக்கும், ரீபூட் ஆனா அதுல இருக்கறது இங்க வந்து உக்காந்துக்கும், அதனால அங்கதான் மாத்தணும்.

மாத்தியாச்சு, கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போட்டா பேர் உடனே வருது, டிக் மைனஸ் எக்ஸ் போட்டாலும் வருது. (டிக் நேரா டிஎன்எஸ்ஸ கேக்கும், கெட்என்ட் தான் ஹோஸ்ட்ஸ் ஃபைலயும் சேத்து சர்வீஸ் எல்லாம் கேக்கற வழியில கேக்கும், அதனால ரெண்டையும் பாக்கறது நல்லது.) ஆனா டிசிபிடம்ப்ல பாத்தா மைஎஸ்க்யூஎல் இன்னும் பழைய ஆளுங்களத்தான் கேட்டுட்டு இருக்குது. காரணம் என்னன்னா ஓடிட்டிருக்கற புரோகிராம் ரிசால்வ்.கான்ஃப்ப ஆரம்பத்துல ஒருக்கா படிச்சு வச்சுக்கும், ஃபைல் மாறினா தானா திரும்ப படிக்கறது லினக்ஸோட அடிப்படை லைப்ரரி ஜிலிப்சி 2.26லதான், 2017ல வந்தது, சென்ட்ஓஎஸ் 6ல இருக்கறது 2.12. சாப்பாட்டு நேரத்துல மைஎஸ்க்யூஎல்ல ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிருச்சு.

டெஸ்ட் பண்றதுல கவனம் வேணும். ரவுட்டர்ல இருந்து வெளி வயர பிடுங்கி பாத்துட்டு ஓகேன்னு சொன்னா அது ஃபைபர் பெட்டி ஆஃப் ஆன கதை, பழைய செட்டப்பே அதுல பாஸ் ஆயிருக்கும். கேபிள் அறுந்த நிலைமைய உண்டாக்கணும்னா ரவுட்டர் ஃபயர்வால்ல வெளிய போற போர்ட் 53 பாக்கெட்ட டிராப் பண்ணணும், ரிஜெக்ட் பண்ணக்கூடாது, ரிஜெக்ட்னா பதில் போயிரும். சர்வர்லயே அவுட்புட் பக்கம் டிராப் போட்டாலும் சரி வராது, கெர்னல் அந்த புரோகிராமுக்கு உடனே அனுமதி இல்லன்னு சொல்லிரும், காத்திருப்பு வராது. ரவுட்டர்ல டிராப் போட்டு வச்சுட்டு ஹால்ல ஸ்கேன் பண்ண சொன்னேன், என்ட்ரி உடனே விழுந்துச்சு, எஸ்எஸ்எச் பாஸ்வேர்ட் உடனே கேட்டுச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் விண்டோஸ்ல என்எஸ்லுக்கப் போட்டுட்டு "அண்ணா, சர்வர் அன்னோன்னு காட்டுது, கெட்டுப் போச்சுங்களா"ன்னு கேட்டாரு. அது டிஎன்எஸ் பெட்டியோட சொந்த ஐபிக்கு பிடிஆர் இல்லாததால வர்றது, டெபியன் தன் பேர 127.0.1.1ன்னுதான் எழுதி வச்சிருக்கும், 192.168.10.2க்கு ஒரு வரி சேத்தா பேர் வந்துரும்.

உள் வேலை முடிஞ்சுது. லைன் அடிக்கடி அறுந்துட்டு இருந்ததால அடுத்த மாசத்துல வேற நிறுவனத்து லைனுக்கு மாறினாங்க, அதோட வெளிப்பக்கம் ஒரு பிரச்சனை கிளம்புச்சு. கம்பெனிக்கு சொந்த மெயில் சர்வர் இருக்குது, போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஓடுது. புது ஐபி வந்ததுல இருந்து பையருக்கு அனுப்பற பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் 550 5.7.25னு திரும்பி வருது, ஜிமெயில்ல இருந்து. அனுப்பற ஐபிக்கு பிடிஆர் இல்ல, இல்லாட்டி அந்த பேர் திரும்பி இந்த ஐபிக்கு வரலன்னு அர்த்தம். ஷிப்மெண்ட் நேரத்துல மெயில் போகலன்னா மெர்ச்சன்டைசர் படற பாடு சொல்லி மாளாது.

உண்மையான ஐபிய இங்க போடல, உதாரணத்துக்குன்னே ஒதுக்கின வரிசையில 203.0.113.10னு வச்சுக்கங்க. டிக் மைனஸ் எக்ஸ் போட்டா என்எக்ஸ்டொமைன் வரல, சர்வ்ஃபெயில் வருது. ரெண்டும் வேற வேற. என்எக்ஸ்டொமைன்னா பொறுப்பான ஆள் இருக்காரு, பேர் மட்டும் எழுதல. சர்வ்ஃபெயில்னா பொறுப்பான ஆளையே புடிக்க முடியல. பிளஸ் ட்ரேஸ் போட்டு மேல இருந்து யாரு யாரை கை காட்டறாங்கன்னு பாத்தா காரணம் தெளிவா தெரிஞ்சுது: நமக்கு குடுத்த 8 ஐபி கொண்ட அந்த பிளாக்க முன்னாடி வச்சிருந்த வாடிக்கையாளருக்கு ரிவர்ஸ் அதிகாரத்த ஆர்எஃப்சி 2317 முறையில, சிநேம் (ஒரு பேர இன்னொரு பேருக்கு திருப்பி விடற ரெக்கார்ட்) போட்டு அவங்க நேம்சர்வருக்கு திருப்பி விட்டிருக்காங்க, அவங்க போயிட்டாங்க, நேம்சர்வரும் போயிருச்சு, சிநேம் மட்டும் அப்படியே நிக்குது.

லைன் நிறுவனத்து ஹெல்ப்டெஸ்க்ல முதல்ல சொன்னது "உங்க டொமைன் எங்க வாங்கினீங்களோ அங்க டிஎன்எஸ்ல போட்டுக்கங்க". இது நெம்ப பேருக்கு இருக்கற குழப்பம். டொமைன் நம்முது, ஆனா ஐபி அவங்களுது, ரிவர்ஸ் ஸோன் ஐபி யாரு பேர்ல பதிவாகி இருக்கோ அவங்க கையிலதான், இந்தியாவுல அது ஐபி பங்கிட்டு குடுக்கற ஐஆர்ஐஎன்என் வழியாவோ ஏப்னிக் வழியாவோ வந்திருக்கும், ஹூஇஸ் போட்டா தெரியும். நம்ம டொமைன் பேனல்ல எத்தன தடவை பிடிஆர் எழுதினாலும் யாரும் அங்க வந்து கேக்க மாட்டாங்க. போன்ல பேசி பிரயோஜனமில்லன்னு மெயிலா எழுதினேன், ஐபி இது, வேணுங்கற பேர் இது, பழைய சிநேமயும் டெலிகேஷனையும் (அதிகாரத்த ஒப்படைச்சது) எடுத்துட்டு நேரா பிடிஆர் போடுங்க, ட்ரேஸ் ரிசல்ட் இணைச்சிருக்கேன்னு. இப்படி எழுதினா அது நேரா டிஎன்எஸ் பாக்கறவங்க கைக்கு போகும், நடுவுல யாரும் விளக்கம் கேட்டு இழுக்க மாட்டாங்க.

போட்டாங்க. ஆனா டிக்ல பாத்தா நம்ம மெயில் சர்வர் பேர் முடிஞ்சு அதுக்கு பின்னாலயே 113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பான்னு ஒட்டிக்கிட்டு வருது. ஸோன் ஃபைல்ல பேர் கடைசியில புள்ளி வைக்காட்டி ஸோன் பேர் தானா ஒட்டிக்கும், ரிவர்ஸ் ஸோன்ல அடிக்கடி நடக்கறது இதுதான். புள்ளி விட்டுப்போச்சுன்னு திரும்ப எழுதினதும் சரி பண்ணிட்டாங்க, ஆனா தப்பான பேர் ஒரு நாள் டிடிஎல்லோட (கேஷ்ல இருக்கற காலம்) வெளிய கேஷ்ல போயிருச்சு. இந்த மாதிரி நேரத்துல 8.8.8.8ஐ கேட்டு கேட்டு டென்ஷன் ஆகாதீங்க, அந்த ஸோனுக்கு பொறுப்பான நேம்சர்வர் பேர குடுத்து நேரா கேளுங்க, அங்க சரியா இருந்தா பொறுத்திருந்தா போதும். இதுக்கு நடுவுல நம்ம பக்கம் மெயில் சர்வர் பேருக்கு ஏ ரெக்கார்ட் புது ஐபிக்கு மாத்தி, போஸ்ட்ஃபிக்ஸ் ஹெலோவுல (தன்ன அறிமுகப்படுத்திக்கறப்ப) சொல்ற பேரும் அதே பேரா வச்சு, எஸ்பிஎஃப்லயும் (நம்ம பேர்ல மெயில் அனுப்பலாம்னு அனுமதிச்ச லிஸ்ட்) புது ஐபிய சேத்தாச்சு. கேஷ் காலாவதி ஆனதும் ஜிமெயில் வாங்க ஆரம்பிச்சிருச்சு.

பாக்கி இருக்கறது ஒன்னுதான். புது லைன்ல ஐபிவி6உம் (புது வகை, நீளமான ஐபி) வருது, அதுக்கு ரிவர்ஸ் ஐபி6.ஆர்ப்பாவுல, 32 எழுத்தையும் ஒவ்வொன்னா திருப்பி புள்ளி வச்சு எழுதணும், அந்த டெலிகேஷன் இன்னும் அவங்க குடுக்கல. அது இல்லாம ஐபிவி6ல மெயில் போனா அதே 550தான் வரும், அதனால போஸ்ட்ஃபிக்ஸ்ல இனெட் புரோட்டோகால்ஸ ஐபிவி4 மட்டும்னு வச்சிருக்கேன், டெலிகேஷன் வந்ததும் பிடிஆர் எழுதி டிக்ல ரெண்டு பக்கமும் ஒத்து வருதான்னு பாத்துட்டுதான் திறந்து விடுவேன்.